ஊளைச் சத்தத்தில் மூச்சு எங்கே போகிறது?

கேள்வி: எனக்கு வயது 20. கபடியில் ரெய்டர். நான்கு வருடம் எங்கள் ஊர் அணிக்குத்தான் ஆடினேன். இந்த ஆண்டு பக்கத்து ஊர் அணி கூப்பிட்டது, காலேஜ் ஃபீஸுக்கு உதவுவதாகவும் சொன்னார்கள், போனேன். தீபாவளிப் போட்டியில் எங்கள் ஊர்த் திடலிலேயே எங்கள் ஊர் அணிக்கு எதிராக ஆட வேண்டி வந்தது. நான் நடுக்கோட்டைத் தாண்டும்போதெல்லாம் கூட்டம் மொத்தமும் "ஊ..." என்று ஊளையிட்டது. வழக்கமாக ரெய்டின் 30 விநாடியும் என் "கபடி கபடி" பாட்டு நிற்காது. அன்று இருபதிலேயே மூச்சு முட்டியது. ஒரு ரெய்டில் பாட்டு அறுந்து அவுட். இன்னொன்றில் கோட்டைத் தாண்டிய பிறகுதான் பாட்டைத் தொடங்கினேன் என்று எதிரணிக்குப் புள்ளி கொடுத்துவிட்டார்கள். 11 ரெய்டில் 2 புள்ளிதான். கோபத்தில் கூட்டத்தைப் பார்த்துத் தொடை தட்டினேன், சத்தம் இரண்டு மடங்கானது. சிலர் சாதியைச் சொல்லியும் கத்தினார்கள். அம்மாவும் தங்கையும் அங்கேதான் நின்றிருந்தார்கள். பொங்கலுக்கு அதே திடலில் மறுபடி ஆட வேண்டும், இன்னும் நாலு வாரம் இருக்கிறது. எனக்கு மனதைரியம் இல்லையா மேடம்?

பதில்:

கடைசிக் கேள்வியைத் தள்ளி வைத்துவிடலாம் தம்பி. கடிதத்தின் நடுவில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு தகவல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இருபது விநாடியில் மூச்சு முட்டியது. பாட்டு தாமதமாகத் தொடங்கியது. இரண்டுமே சத்தத்தில் பாடிப் பழகாத உடம்பு செய்கிற காரியம். ஈரத் தரையில் ஆடிப் பழகாதவர் வழுக்கி விழுந்தால் அவரைக் கோழை என்று சொல்ல மாட்டோம், ஈரத்தில் ஆடிப் பழகச் சொல்வோம்.

கல்யாண வீட்டில் கெட்டிமேளம் கொட்டும்போது பேசிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். யாரும் சொல்லாமலே எல்லாக் குரலும் ஏறிவிடும். மேளம் சட்டென்று நின்றால் கத்திக்கொண்டிருந்தவர் அசடு வழிவார். சுற்றுச் சத்தம் கூடும்போது நம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறோம் என்பதை 1911இல் எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதினார். இன்றும் அதற்கு லொம்பார் விளைவு என்றுதான் பெயர். பேசுகிறவர்களுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை, நடுநடுவே மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ரெய்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரே மூச்சில் ஓட்ட வேண்டிய பாட்டை உரக்கப் பாடினால் காற்று வேகமாகக் கரையும். போதாததற்கு, படபடப்பில் மூச்சு நெஞ்சின் மேல்பாதியில் மட்டும் ஓடும். கிளம்பும்போதே நுரையீரல் அரைகுறையாகத்தான் நிரம்பியிருக்கும். வரவு குறைவு, செலவு அதிகம். இருபது விநாடி தாக்குப் பிடித்ததே பெரிது.

பாட்டு தாமதமானதும் இதே சத்தத்தால்தான். கோட்டை நோக்கி நீங்கள் அடி எடுத்து வைத்த அதே நொடியில் ஊளை கிளம்பியிருக்கிறது. திடீர்ச் சத்தம் கவனத்தை ஒரு கணம் பிடுங்கிக்கொள்ளும். கால் பழக்கத்தில் போய்விடும், வாய் பின்தங்கும். பாட்டோடுதான் எதிரணி எல்லைக்குள் நுழைய வேண்டும் என்பது விதி. நுழைந்த பிறகு தொடங்கினால் திருப்பி அனுப்பி, எதிரணிக்கு ஒரு டெக்னிக்கல் புள்ளியும் ரெய்டு வாய்ப்பும் கொடுப்பார்கள். கோட்டைக் குறியாக வைத்துக்கொண்டால் இந்தத் தவறு திரும்ப வரும். கோட்டுக்கு இரண்டடி முன்னால் எந்தக் கால் தரையைத் தொடுகிறதோ, அந்தக் கால் பட்டதும் முதல் "கபடி" வெளியே வரவேண்டும் என்று பழகுங்கள்.

இன்று மாலையே ஒரு வேலை செய்யலாம். மொட்டை மாடியில், அமைதியில், ஸ்டாப்வாட்ச் வைத்து 30 விநாடிக்கு எத்தனை "கபடி" வருகிறது என்று எண்ணுங்கள். பத்துக்கு ஒரு விரல் மடக்கினால் எண்ணிக்கை தப்பாது. இரண்டு நிமிட இடைவெளி விட்டு ஐந்து முறை செய்து, ஐந்தையும் நோட்டில் எழுதுங்கள். சத்தத்துக்கு நடுவே பயிற்சியாளர் வெளியிலிருந்து கத்தும் "டைம்" உங்கள் காதில் விழாது; இந்த எண்ணிக்கைதான் அன்று உங்கள் கடிகாரம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அமைதியிலேயே 30 விநாடி வரவில்லை என்றாலோ, ஓடிய பிறகு இருமலும் நெஞ்சில் விசில் மாதிரிச் சத்தமும் இருந்தாலோ, கூட்டத்தின் மேல் பழி போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். உடற்பயிற்சியின்போது தலைகாட்டும் ஆஸ்துமா இப்படித்தான் பிடிபடும்.

அடுத்த நாளிலிருந்து சத்தத்தோடு பழக வேண்டும். தீபாவளிப் போட்டியை யாராவது போனில் எடுத்திருந்தால் அந்த ஊளையையே வெட்டி எடுத்து, இரண்டு நிமிடத்துக்குத் திரும்பத் திரும்ப ஓடும்படி செய்துகொள்ளுங்கள். ஸ்பீக்கரை எதிரணி எல்லைக்கோட்டுக்குப் பின்னால் வையுங்கள், உங்கள் முதுகுக்குப் பின்னால் வேண்டாம். முதல் வாரம் 70 டெசிபல், இரண்டாம் வாரம் 80, மூன்றாம் வாரம் 85, அதற்கு மேல் தேவையில்லை. போன் செயலி காட்டும் அளவு கொஞ்சம் முன்பின் இருக்கும், பரவாயில்லை. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்வரை காது தாங்கும் என்பது கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்குப் போனால் 15 நிமிடம்தான். அதனால் திருவிழா ஸ்பீக்கரைக் கொண்டுவந்து நிறுத்தும் ஆர்வக்கோளாறு வேண்டாம். தினம் 15 நிமிடம், எட்டு முதல் பத்து ரெய்டு போதும்.

இந்தப் பயிற்சியில் நீங்கள் பிடிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அமைதியில் பாடிய அதே குரலில் சத்தத்திலும் பாடுவது. உங்கள் பாட்டு உங்களுக்கே கேட்காது. கேட்க வேண்டும் என்று முயன்றீர்களானால் குரல் ஏறிவிடும், தீபாவளி திரும்பி வந்துவிடும். காதை நம்பாமல் உதட்டையும் நாக்கையும் நம்புங்கள். "ப"வில் உதடு மூடுவதும் "டி"யில் நாக்கு மேலே தட்டுவதும் தெரிந்தால் பாட்டு ஓடுகிறது என்று பொருள். நடுவருக்கும் அந்த இரைச்சலில் உங்கள் குரல் சரியாகக் கேட்காது, அவர் உங்கள் வாயைத்தான் பார்ப்பார். வாயசைவு தெளிவாக இருக்கட்டும், குரல் ஏற வேண்டியதில்லை.

மூன்றாம் வாரத்தில் ஸ்பீக்கரோடு ஆட்களையும் சேருங்கள். அணித் தோழர்கள் பத்துப் பேர் பக்கவாட்டில் நின்று உங்கள் பெயரைச் சொல்லி ஊளையிடட்டும். சாதி, குடும்பம் இரண்டையும் தொடக்கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சத்தம் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. இந்த இடத்தில் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் ஒரு தவறு செய்கிறார்கள். பையன் தடுமாறியதும் பாவம் பார்த்துச் சத்தத்தை நிறுத்திவிடுவார்கள். தடுமாறினால் சத்தம் நிற்கும் என்று உடம்பு கற்றுக்கொள்ளும். ரெய்டு எப்படிப் போனாலும், நீங்கள் திரும்பி வந்து நடுக்கோட்டைத் தொட்ட பிறகுதான் சத்தம் நிற்க வேண்டும்.

இனி, ரெய்டுக்கு முந்தைய அந்த 5 விநாடி. எதிரணி ரெய்டர் தன் எல்லைக்குத் திரும்பியதும் 5 விநாடிக்குள் உங்கள் அணியிலிருந்து ஒருவர் கிளம்பியாக வேண்டும். கிரிக்கெட்டில் பேட்ஸ்மேன் கையுறையைக் கழற்றி மாட்டி, நாலு பக்கம் பார்த்து, நிதானமாக நிற்கலாம். கபடியில் அதற்கெல்லாம் நேரமில்லை. மண்ணைத் தொட்டுக் கும்பிடும்போதே வாய் வழியாக மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள், ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் வரை. பிறகு மூக்கு வழியாக ஒரே இழுப்பு, வயிறு முன்னால் வரும்படி. கிளம்பிவிடுங்கள். பலர் மூன்று நான்கு முறை ஆழமாக இழுப்பார்கள். அதனால் காற்று கூடுதலாகச் சேராது, தலைதான் லேசாகச் சுற்றும். முதலில் வெளியே விடுவதுதான் முக்கியம், காலி செய்தால்தான் நிரப்ப முடியும்.

அந்த மூச்சோடு ஒரு சொல்லும் வைத்துக்கொள்ளுங்கள். "கூட்டத்தைக் கவனிக்காதே" என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம், அது குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன கதைதான். எதைப் பார்க்க வேண்டுமோ அதையே சொல்லுங்கள்: "கார்னர் கால்", அதாவது ஓரத்தில் நிற்கும் தடுப்பாளரின் கால். இடது கார்னரா வலது கார்னரா என்று ரெய்டுக்கு ரெய்டு மாறலாம். கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் காது தானாக ஒதுங்கும்.

பொங்கலன்று முதல் ரெய்டில் புள்ளி எடுக்கப் போகாதீர்கள். ஊளை உச்சத்தில் இருப்பது அப்போதுதான், கூட்டம் எதிர்பார்ப்பதும் அந்த ரெய்டைத்தான். பால்க் லைனை, அதாவது நடுக்கோட்டுக்கு அப்பால் எதிரணிப் பக்கம் வரும் முதல் கோட்டை, முழுக்கால் தாண்டிவிட்டு, பதினைந்து விநாடி நின்று, வெறுங்கையோடு திரும்பி வாருங்கள். பால்க் லைனையும் தாண்டாமல், யாரையும் தொடாமலும் திரும்பினால் அவுட், அந்த ஒரு ஜாக்கிரதை போதும். மூன்றாவது ரெய்டு விதி (ஓர் அணி தொடர்ந்து இரண்டு ரெய்டில் புள்ளி எடுக்காவிட்டால் மூன்றாவதில் எடுத்தே தீர வேண்டும், இல்லையேல் ரெய்டர் அவுட்) உள்ள போட்டி என்றால் கேப்டனிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள், அணியின் முதல் 'டூ ஆர் டை' ரெய்டு உங்கள் தலையில் விழ வேண்டாம். எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்வரை போனஸ் கோட்டைத் தாண்டினால் ஒரு போனஸ் புள்ளி கிடைக்கும். இரண்டாவது ரெய்டில் அதற்குப் போகலாம். இரண்டு மூன்று முறை ஊளையிட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் கூட்டத்துக்கே தொண்டை வலிக்கும்.

தொடை தட்டியதும் சத்தம் ஏன் இரட்டிப்பானது? ஸ்டீவன் கிளேமன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், மேடைப் பேச்சுகளில் மக்கள் எதிர்ப்புக் குரல் எழுப்புவதை ஆராய்ந்து 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கைதட்டல் அநேகமாக உடனே பிறந்துவிடுகிறது, ஒவ்வொருவரும் தானாகவே தட்டுகிறார்கள். ஊளை அப்படி வருவதில்லை. கொஞ்சம் தாமதித்து, முணுமுணுப்பிலிருந்து எழுகிறது. பக்கத்தில் இருப்பவன் கத்துகிறானா என்று பார்த்துக்கொண்டுதான் அடுத்தவன் கத்துகிறான். தனியாக ஊளையிட யாருக்கும் கூச்சம், தைரியம் கொடுக்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை உங்கள் தொடை கொடுத்தது. மிலானின் லா ஸ்காலா அரங்கில் 2006 டிசம்பரில் ராபர்ட்டோ அலானியா என்ற பாடகர், ரசிகர்கள் ஊளையிட்டதும் 'அய்தா' இசைநாடகத்தின் நடுவிலேயே மேடையை விட்டுப் போய்விட்டார். மாற்றுப் பாடகர் வேடம்கூடப் போடாமல் சாதாரண உடையில் ஓடிவந்து பாட வேண்டியதாயிற்று. கூட்டத்துக்கு அதைவிடப் பெரிய தீனி ஏது? 2019 அமெரிக்க ஓப்பன் டென்னிஸில் டேனில் மெத்வதேவ் தன்னை எதிர்த்துக் கத்தியவர்களிடமே "உங்கள் சத்தம்தான் எனக்குச் சக்தி" என்கிற ரீதியில் சீண்டிவிட்டு இறுதிப்போட்டிவரை போனார் என்பதும் உண்மைதான். ஆனால் சீண்டினால் ஆட்டம் ஏறுகிறவர்களுக்கான வழி அது. 11 ரெய்டுக்கு 2 புள்ளி என்ற உங்கள் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. தொடை தட்ட வேண்டுமா, தட்டுங்கள். புள்ளி எடுத்துத் திரும்பிய பிறகு, உங்கள் அணியைப் பார்த்து.

இன்னொன்று. எல்லா ஊளையும் வெறுப்பல்ல. ஐரோப்பியக் கால்பந்துத் திடலில் விசில் அடித்தால் எதிர்ப்பு. நம் ஊரில் விசில் அடித்தால் கொண்டாட்டம், சேப்பாக்கத்தில் போய்க் கேட்டால் தெரியும். சத்தம் ஒன்றுதான், அர்த்தத்தை இடம் தீர்மானிக்கிறது. உங்கள் ஊர்க்காரர்கள் கத்தியதில் பாதி, நம்ம பையன் அந்தப் பக்கம் போய்விட்டானே என்ற ஆதங்கம். கால்பங்கு வெறும் கலாய்ப்பு. ஃபீஸுக்காக அணி மாறியதில் குற்றம் எதுவும் இல்லை, அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். 2024இல் ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்குத் திரும்பி, ரோஹித் சர்மாவின் இடத்தில் கேப்டனானபோது அகமதாபாத்திலும் ஊளை, சொந்த வான்கடேயிலும் ஊளை. ஏப்ரல் 1ஆம் தேதி டாஸ் போடும்போது வர்ணனையாளர் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் கூட்டத்தைப் பார்த்து ஒழுங்காக இருக்கும்படி சொன்னார், பலனில்லை. மும்பை அந்த ஆண்டு கடைசி இடம். ஜூன் 29 அன்று டி20 உலகக்கோப்பை இறுதிப்போட்டியின் கடைசி ஓவரை வீசியவரும் அவர்தான். ஜூலை 4 அன்று அதே வான்கடேயில் கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டது.

ஆனால் கூட்டம் தானாக மாறட்டும் என்று காத்திருக்க உங்களுக்கு நேரமில்லை. மஞ்ச்ரேக்கர் சொல்லி அடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வெளியாள் அறிவுரை சொன்னால் கூட்டம் முறைத்துக்கொள்ளும். சொந்த வீரன் சொன்னால் கதை வேறு. 2019 உலகக்கோப்பையில் லண்டன் ஓவல் மைதானத்தில் ஸ்டீவ் ஸ்மித்தை இந்திய ரசிகர்கள் கேலி செய்தபோது, விராட் கோலி அவர்கள் பக்கம் திரும்பி, கைதட்டுங்கள் என்று சைகை காட்டினார். அந்த ஆண்டு அவருக்கு ஐசிசியின் ஸ்பிரிட் ஆஃப் கிரிக்கெட் விருது கிடைத்தது அதற்காகத்தான். உங்கள் ஊர் அணி கேப்டன் நான்கு வருடம் உங்களோடு ஆடியவர். போட்டிக்கு ஒரு வாரம் முன்பே, கையில் வேறு வேலை இல்லாத ஒரு சாயங்காலம் அவரைப் போய்ப் பாருங்கள். "அண்ணே, டாஸ் போட்டதும் நடுக்கோட்டில எல்லாருக்கும் தெரியற மாதிரி ஒருதடவ கட்டிப்பிடிங்க, போதும்" என்று கேளுங்கள். முடியாது என்று சொல்ல மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அப்படியே விழாக் குழுவிடமும் பேச வேண்டும். கிராமத்துக் கபடியில் முதல் ஊளையை மூட்டிவிடுவது பல நேரம் மைக்கில் இருக்கும் வர்ணனையாளர்தான். "கட்சி மாறிய காளை வருது" என்று அவர் ஒரு வரி எடுத்துக் கொடுத்தால் போதும், மிச்சத்தைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும். உங்கள் அணி மேலாளர் போய், பெயரையும் பனியன் எண்ணையும் மட்டும் சொல்லும்படி கேட்கட்டும். நீங்கள் போகாதீர்கள்.

நடுவர் விஷயம் சுருக்கமாக. இங்கிலாந்தில் 2002இல் வெளியான ஓர் ஆய்வில், தகுதி பெற்ற 40 கால்பந்து நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் 47 மோதல்களைக் காட்டினார்கள், ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மீதிப்பேருக்குச் சத்தமில்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் சொந்த ஊர் அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். நடுவர் வேண்டுமென்றே செய்வதல்ல இது, சத்தம் அவருடைய தீர்மானத்தையும் லேசாகச் சாய்க்கிறது. ஆகவே சந்தேகத்துக்கு இடமான உரசல்களை நம்பி ஆடாதீர்கள். தொட்டது யாரை என்று அந்த நொடியே விரல் நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்புங்கள். கொடுக்கவில்லை என்றால் பேசுவது கேப்டன் வேலை. நீங்கள் வாதாடினால் பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் வந்தால் 2 நிமிடம் வெளியே. கூட்டம் ஆசைப்படுவதும் அதுதான்.

சாதிப் பெயரைச் சொல்லிக் கத்தியது இந்தக் கணக்கில் எதிலும் சேராது. அதற்கு மூச்சுப் பயிற்சி சொல்வது அயோக்கியத்தனம். ஆஸ்திரேலியக் கால்பந்தில் ஆடம் குட்ஸ் என்ற பழங்குடி வீரரை 2015இல் திடலுக்குத் திடல் ஊளையிட்டார்கள். "ரசிகர்கள் என்றால் அப்படித்தான்" என்று பலர் நியாயம் பேசினார்கள். அந்த ஆண்டோடு அவர் ஓய்வு பெற்றார், அந்த விளையாட்டின் நிர்வாகம் 2019இல்தான் மன்னிப்புக் கேட்டது. நீங்கள் சகித்துக்கொண்டு ஆட வேண்டிய கட்டாயம் இல்லை. காதில் விழுந்த உடனே கேப்டனிடம் சொல்லுங்கள், அவர் டைம் அவுட் கேட்டு நடுவரிடமும் விழாக் குழுவிடமும் அந்த ஆளை வெளியேற்றச் சொல்லட்டும். அணியில் ஒருவர் கூட்டத்தைப் பார்த்தபடி வீடியோ எடுக்கும் ஏற்பாடு முதலிலிருந்தே இருக்கட்டும். நீங்கள் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று எழுதவில்லை. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர் என்றால், அப்பிரிவுகளைச் சேராத ஒருவர் பொதுமக்கள் பார்வையில் சாதிப் பெயரால் திட்டுவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. தீபாவளியன்று நடந்ததற்கும் வீடியோவும் சாட்சியும் இருந்தால் இப்போதே ஒரு வழக்கறிஞரிடம் பேசலாம்.

அம்மாவும் தங்கையும் பொங்கலுக்கு வர விரும்பினால் வரட்டும். உங்கள் அணி உட்காரும் பக்கத்தில், அணிக்காரர் ஒருவர் துணையோடு இருக்கட்டும். கூட்டத்துக்கு நடுவே நின்றால் உங்களுக்காக அவர்கள் பதில் சொல்லப் போவார்கள், உங்கள் கண்ணும் அங்கேயே ஓடும். அவர்களிடம் முதல் ரெய்டில் வெறுங்கையோடு திரும்பி வருவீர்கள் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், பதறாமல் இருப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை சாப்பிட்ட பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரியோடு ராத்திரியாக வீடியோவுக்குக் கீழே யார் என்ன எழுதினார்கள் என்று தேடுவது, அந்தத் திடலை வீட்டுக்குத் தூக்கிவருகிற வேலை.